நாளுக்கு ஒரு நாழிகை: உழைக்கும் உடலுக்கு யோகப் பயிற்சி

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உழைத்துப் பிழைக்கும் தொழிலாளர்க்கு உடலே அச்சுவர். குடும்பத்தின் நல்வாழ்வு, பிள்ளைகளின் கல்வி, முதுமைக்கால நிம்மதி ஆகிய அனைத்தும் அச்சுவரின்மீது எழுதப்படும் சித்திரங்களே. சுவரில் விரிசல் கண்ட பின்னர்ச் சித்திரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பயனில்லை. விரிசல் காணாதிருக்க என்ன செய்யலாம் என்று எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை.

அவ்வாறு எண்ணிப் பார்க்கையில் நமக்குக் கைகொடுக்கும் வழிகளுள் ஒன்று யோகப் பயிற்சியாகும். யோகம் என்றவுடன் மலைக்குகையில் கண்மூடி அமர்ந்திருக்கும் முனிவரின் உருவமே பலரின் மனக்கண்முன் தோன்றுகிறது. வேறு சிலர், "விடியுமுன் எழுந்து வெயில் ஏறும்வரை மரம் வெட்டுகிறோம், வாளி சுமக்கிறோம், மேடு பள்ளம் ஏறி இறங்குகிறோம். இதற்கு மேலும் உடற்பயிற்சி எதற்கு? அதெல்லாம் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோருக்குத்தான்" என்கின்றனர். இக்கேள்வி நியாயமானதே. ஆகவே, முதலில் இதற்கு விடை காண்போம்.

வேலை வேறு, பயிற்சி வேறு

பால்மரம் வெட்டும் ஒருவரின் வேலையைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும் அதிகாலை வேளையில்தான் பால் நன்கு வடியும். எனவே, இருள் பிரியுமுன்னரே வேலை தொடங்குகிறது. வெட்டு தாழ்வாக இருக்கும் மரத்தில் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டியிருக்கிறது. ஒரு நிரையில் ஐந்நூறு மரங்கள் இருப்பின், ஒரு காலைப்பொழுதில் ஐந்நூறு முறை அவ்வாறு குனிய நேரிடும். பால் எடுக்கும் வேளையில் மீண்டும் அத்தனை முறை குனிய வேண்டும். உயரத்தில் வெட்டும் மரங்களிலோ கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துக் கைகளைத் தூக்கியவாறு நிற்க வேண்டும். உளியைப் பற்றும் கையின் விரல்கள் நெடுநேரம் இறுகியே இருக்கின்றன. இறுதியில், நிறைந்த வாளிகளைச் சுமந்து பால் கொட்டகைக்கு நடக்க வேண்டும்.

இவ்வளவு அசைவும் உடற்பயிற்சி ஆகாதா? ஓரளவு ஆகும் என்பதில் ஐயமில்லை. நடப்பதால் கால்களும் இதயமும் பயன் பெறுகின்றன. ஆயினும், வேலையானது உடலின் நலத்தைக் கருதி அமைக்கப்பட்டதன்று. மரத்தின் தேவையைக் கருதி அமைக்கப்பட்டது. அது ஒரே தசைகளை ஒரே திசையில் மீண்டும் மீண்டும் இழுக்கிறது. முன்பக்கம் வளையும் முதுகு, அதே அளவுக்குப் பின்பக்கம் வளைவதில்லை. இறுகும் விரல்கள், அதே அளவுக்கு விரிவதில்லை. இவ்வாறு ஒருபக்கமாகவே இழுபடும் தசைகள் நாளடைவில் இறுகிப் போகின்றன. எதிர்ப்பக்கத் தசைகள் வலுக் குன்றுகின்றன. முதுகு வலி, தோள் பிடிப்பு, மணிக்கட்டு வலி, முழங்கால் வலி ஆகியவை தலைகாட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

யோகப் பயிற்சி இதற்கு நேர்மாறானது. அது உடலைக் கருதியே அமைக்கப்பட்டது. முன்னால் வளைந்ததைப் பின்னால் வளைக்கிறது, இறுகியதைத் தளர்த்துகிறது, விரைந்த மூச்சை நிதானப்படுத்துகிறது. சுருங்கக் கூறின், வேலை வளைத்ததைப் பயிற்சி நிமிர்த்துகிறது.

மரம் கற்பிக்கும் பாடம்

இக்கருத்தை நாம் வேறெங்கும் சென்று கற்க வேண்டியதில்லை. நம் பால்மரமே கற்பிக்கிறது. அனுபவமிக்க தொழிலாளர் எவரும் பட்டையை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டுவதில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படையில் காயம் பட்டுவிட்டால், அவ்விடத்தில் புதிய பட்டை சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். மேலும், ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டும் முறையில், இன்று வெட்டிய மரம் நாளை ஓய்வெடுக்கிறது. அந்த ஓய்வில் மரம் மீண்டும் பாலைச் சுரந்துகொள்கிறது. ஓய்வின்றி நாள்தோறும் கடுமையாக வெட்டப்படும் மரம், ஒரு கட்டத்தில் பால் வற்றிப் பட்டுப்போன பட்டையோடு நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

மரத்திற்கு இவ்வளவு கருணை காட்டும் நாம், நம் உடலுக்கு எவ்வளவு காட்டுகிறோம்? வேலைக்குச் செல்லுமுன் உளியைத் தீட்டுவதற்கு நேரம் ஒதுக்குகிறோம். அதனை வீண் நேரம் என்று எவரும் கூறுவதில்லை. உளியைப் பிடிக்கும் கைக்கும், அக்கையைத் தாங்கும் முதுகுக்கும் அதுபோன்று சிறிது நேரம் ஒதுக்குவது மட்டும் எப்படி வீணாகும்?

தோட்ட மருத்துவமனையிலிருந்து ரிஷிகேசம் வரை

யோகக் கலை மிகப் பழமையானது. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் அதனை எட்டு அங்கங்களாக வகுத்துக் கூறுகிறது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பவையே அவை. தமிழில் திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் இவ்வெட்டு அங்கங்களை விரித்துரைக்கிறது. எனவே, இது தமிழர்க்குப் புதியதோ அயலானதோ அன்று.

நம் தோட்டங்களுக்கும் இக்கலைக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்னும் இளைஞர், மருத்துவம் பயின்று, 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் ஜொகூரில் பணியைத் தொடர்ந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்நாட்டில் நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய அவர், 1923இல் தாயகம் திரும்பினார்; 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவரே, 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர். உலகெங்கும் யோகத்தைப் பரப்பிய ஆசான்கள் பலர் அவரிடம் பயின்றவர்கள். நம் முன்னோரின் நோய்நொடிகளைத் தோட்டத்திலேயே நேரில் கண்ட ஒருவர், பிற்காலத்தில் எளிய மக்களும் பின்பற்றத்தக்க வகையில் யோகத்தை எடுத்துரைத்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

அவருடைய மாணவர்களுள் ஒருவரான சுவாமி விஷ்ணுதேவானந்தர், அன்றாட வாழ்வுக்கான யோகத்தை ஐந்து கூறுகளாகச் சுருக்கித் தந்தார். முறையான உடற்பயிற்சி, முறையான மூச்சு, முறையான ஓய்வு, முறையான உணவு, நல்லெண்ணமும் தியானமும் என்பவை அவை. இவற்றுள் எதற்கும் பணச் செலவு இல்லை. ஒரு பாயும், ஓர் ஆள் நீட்டிப் படுக்கத்தக்க இடமும் போதும்.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அந்நாள் உலகின் பல நாடுகளில் கொண்டாடப்பட்டு வருகிறது. எனினும், ஆண்டுக்கு ஒருநாள் கூடிச் செய்வதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் வீட்டிலேயே செய்வதுதான் பயன் தரும்.

மருத்துவ உலகம் என்ன கூறுகிறது?

யோகம் எல்லா நோய்களையும் தீர்க்கும் என்று கூறுவோர் உளர். அது மிகைக்கூற்று. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தில்லா வழிகளை முதலில் மேற்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. அவ்வழிகளுள் யோகமும் ஒன்று. கோக்ரேன் என்னும் அனைத்துலக மருத்துவ ஆய்வமைப்பு 2022இல் 21 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. எப்பயிற்சியும் செய்யாதவர்களைக் காட்டிலும் யோகம் பயின்றவர்களுக்கு வலியும் முடக்கமும் சிறிதளவு குறைந்திருந்தன என அது கண்டது. பிற உடற்பயிற்சிகளைவிட யோகம் மிகவும் மேலானது என்று அது கூறவில்லை. முறை தவறிச் செய்த சிலருக்கு வலி கூடவும் கூடும் என்பதையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஆக, யோகம் மந்திரக்கோல் அன்று. தொடர்ந்து செய்வாருக்குத் துணை நிற்கும் நல்ல பழக்கம். இத்துணை நமக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களும் அவர்களுள் உளர். கடினமாக உழைப்பவர் என்பதற்காக இந்நோய்கள் யாரையும் விட்டுவைப்பதில்லை.

ஒரு நாழிகைப் பயிற்சி

நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த ஒரு நாழிகையைப் பின்வருமாறு வகுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து சற்று இளைப்பாறிய பின்னர், மாலைப்பொழுதில் செய்வது நலம். வயிறு நிறைய உண்ட பின் மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். உடை தளர்வாக இருத்தல் நன்று.

முதல் 4 நிமிடம், மூட்டுகளைத் தளர்த்துதல்: விரல்களை இறுக மூடி விரிக்கவும், பத்து முறை போதும். மணிக்கட்டையும் தோளையும் இருபுறமும் மெல்லச் சுழற்றவும். உயரத்தில் வெட்டுவோர், முகவாய் மார்பை நோக்கி வருமாறு தலையை மெதுவாகத் தாழ்த்தி உயர்த்தவும். பின்னர் வலமும் இடமும் திருப்பவும். கழுத்தை வேகமாகச் சுழற்றுதல் கூடாது.

அடுத்த 10 நிமிடம், நான்கு ஆசனங்கள்:

1. தாடாசனம். கால்களைச் சற்றே அகற்றி நேராக நிற்கவும். விரல்களைக் கோத்துக் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, மூச்சை உள்ளிழுத்தவாறு உடல் முழுவதையும் மேல்நோக்கி நீட்டவும். ஐந்து மூச்சு நேரம் நின்று கைகளை இறக்கவும். மும்முறை செய்க. குனிந்து குனிந்து குறுகிய உடல் நீளும், தோள் விரியும்.

2. மார்ஜாரியாசனம். பூனைபோல் இரு கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றவும். மூச்சை இழுக்கையில் வயிற்றைத் தாழ்த்தித் தலையை நிமிர்த்தவும். விடுகையில் முதுகை மேல்நோக்கி வளைத்துத் தலையைத் தாழ்த்தவும். எட்டு முறை செய்யலாம். முதுகெலும்பின் மூட்டுகள் ஒவ்வொன்றும் இதனால் இளகும்.

3. புஜங்காசனம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்பின் பக்கத்தில் ஊன்றி, மூச்சை இழுத்தவாறு மார்பை மெல்ல உயர்த்தவும். கொப்பூழ் தரையிலேயே இருக்கட்டும். படமெடுத்த பாம்பின் தோற்றம் இது. மூன்று மூச்சு நேரம் இருந்து இறங்கவும், மும்முறை செய்க. காலை முழுதும் முன்வளைந்த முதுகுக்கு இதுவே நேரான மாற்று. இதைச் செய்கையில் வலி இடுப்பிலிருந்து காலுக்குப் பரவுமானால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

4. பவனமுக்தாசனம். மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி இரு கைகளாலும் மார்பை நோக்கி அணைக்கவும், பின்னர் மறுகால், அதன்பின் இரு கால்களும். இடுப்பின் கீழ்ப்பகுதியிலுள்ள இறுக்கம் தளரும்.

அடுத்த 5 நிமிடம், மூச்சுப் பயிற்சி: முதுகு நிமிர்ந்திருக்க வசதியாக அமரவும். நான்கு எண்ணும் நேரம் மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெல்ல வெளியே விடவும். மூச்சை அடக்க வேண்டா. இதன் பயனை நீங்களே சோதித்தறியலாம். அவ்வாறு மூச்சு விடும்போது மணிக்கட்டின் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கையில் நாடி சற்று விரைவதையும், விடுகையில் சற்று நிதானமாவதையும் பலர், குறிப்பாக இளையோர், உணரலாம். இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு, மூச்சை வெளிவிடும் வேளையில் மிகுதியாகச் செயற்படுவதே காரணம். நீண்டு வெளிவிடும் மூச்சு மனக்கொதிப்பைத் தணிப்பது இதனால்தான்.

இறுதி 5 நிமிடம், சவாசனம்: மல்லாந்து படுத்துக் கைகால்களைத் தளர விட்டுக் கண்களை மூடவும். கால்விரல் தொடங்கித் தலை வரை ஒவ்வோர் உறுப்பாக மனத்தால் தொட்டுத் தளர்த்தவும். இதனைச் சோம்பல் எனக் கருதித் தவிர்ப்போர் பலர். மரத்துக்கு ஓய்வுநாள் எப்படியோ, உடலுக்கு இந்த ஐந்து நிமிடம் அப்படி.

அலுப்பைத் தீர்ப்பது எது?

"உடம்பு வலி தீர ஒரு குவளை" என்று கூறிச் சம்சுவை நாடுவோர் நம்மிடையே இருந்து வந்திருக்கின்றனர். மது வலியைத் தீர்ப்பதில்லை; வலியை உணரும் அறிவைச் சிறிது நேரம் மழுங்கச் செய்கிறது, அவ்வளவே. மது அருந்தியவரின் உறக்கம் பின்னிரவில் குலைகிறது. உடல் நீரை இழக்கிறது. மறுநாள் விடியலில் வலி அங்கேயே இருக்கிறது; கூலியில் ஒரு பகுதியோ கரைந்து போயிருக்கிறது. மனைவி மக்களின் முகத்தில் இருந்த மலர்ச்சியும் அதனோடு போய்விடுகிறது. அலுப்பு உண்மையானது, அதற்கு மருந்து தேடுவதும் குற்றமன்று. தேடும் இடம்தான் மாற வேண்டும். மாலையில் அந்த ஒரு குவளைக்குச் செலவாகும் நேரத்தை ஒரு நாழிகைப் பயிற்சிக்குக் கொடுத்துப் பார்ப்பது, இழப்பில்லாத சோதனையாகும்.

உணவிலும் இதே விழிப்பு வேண்டும். சீனிப்பால் மிகுதியாகக் கலந்த தேநீரைக் குறைத்தல், சோற்றின் அளவைச் சற்றே குறைத்துக் கீரை, பருப்பு, காய்கறிகளைக் கூட்டுதல், தாகம் எடுக்குமுன்னரே கொதித்தாறிய நீரை அருந்துதல் ஆகியவையும் யோக வாழ்வின் பகுதிகளே.

பாயில் மட்டுமன்று

எட்டு அங்கங்களுள் ஆசனம் மூன்றாவதாகவே வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. அதற்கு முன்னே நிற்பவை இயமமும் நியமமும். கொல்லாமை, வாய்மை, பிறர்பொருள் விரும்பாமை, தூய்மை, உள்ளதைக் கொண்டு மகிழ்தல் போன்ற ஒழுக்கங்களே அவை. பாயை விரிக்காமலும் இவற்றைப் பயிலலாம். பாரம் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவதும், இரு கைகளிலும் சமமாகச் சுமை ஏற்றுவதும், சினம் எழுகையில் பதில் கூறுமுன் மூன்று நீண்ட மூச்சு விடுவதும் அன்றாட வாழ்வின் யோகமே.

குடும்பப் பெண்களுக்கு இங்கு ஒரு சொல். காலையில் நிரை, மாலையில் அடுப்படி என இரட்டைச் சுமை சுமப்போர் நீங்கள். "எனக்கு நேரமேது?" என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். ஆகவே, அந்த ஒரு நாழிகை நேரம் வீட்டு வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வதே நல்ல குடும்பத்திற்கு அழகு. கணவன்மார்களும் வளர்ந்த பிள்ளைகளும் இதனை உணர்தல் வேண்டும். கருவுற்ற தாய்மார்கள், மருத்துவரிடமோ தாதியரிடமோ கேட்ட பின்னரே பயிற்சியில் இறங்க வேண்டும்; குப்புறப் படுத்துச் செய்யும் ஆசனங்களை அறவே தவிர்க்க வேண்டும்.

எச்சரிக்கைகள் சில

முதலாவதாக, நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்வோர், யோகம் செய்கிறோம் என்பதற்காக மருந்தை நிறுத்துதல் கூடாது. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. இரண்டாவதாக, உயர் இரத்த அழுத்தம், இதயநோய், கண்ணழுத்த நோய், குடலிறக்கம் ஆகியவை உள்ளோர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும் மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் மேற்கொள்ளலாகாது. மூன்றாவதாக, வலிக்கும்வரை உடலை வளைப்பது யோகமன்று. இழுவை உணரலாம், வலி உணரக்கூடாது.

நான்காவது மிகவும் இன்றியமையாதது. வேலையில் வழுக்கி விழுந்தாலோ, சுமை தூக்குகையில் முதுகு பிடித்துக்கொண்டாலோ, ஆசனம் செய்தால் சரியாகிவிடும் என்று அதனை மறைத்து வைக்க வேண்டா. உடனே நிர்வாகத்திடம் தெரிவித்து மருத்துவச் சோதனை செய்துகொள்ளுங்கள். வேலையிட விபத்துகளுக்கு ஆளாகும் தொழிலாளர்க்கு, 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் உரிமைகளை வழங்குகிறது. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் அதற்காகவே இயங்குகிறது. உடலைப் பேணுவது நம் கடமை. உரிமையைக் கேட்டுப் பெறுவதும் கடமையே. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

கூடிச் செய்வோம்

தனித்துத் தொடங்கும் பழக்கம் ஒரு வாரத்தில் தளர்ந்துவிடக்கூடும். நாலு பேர் கூடினால் அது நிலைக்கும். தோட்ட மண்டபத்திலோ பள்ளித் திடலிலோ வாரம் இருமுறை மாலையில் கூடலாம். முறையாகப் பயின்ற ஒருவரை அழைத்து முதற்சில வாரங்கள் கற்றுக்கொண்டால், தவறான பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளா. பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள். பெரியவர்கள் செய்யக் கண்டு வளரும் பிள்ளைக்கு அறிவுரை தேவைப்படாது.

ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். முதல் வாரத்தில் உடல் முரண்டு பிடிக்கும். பிறகு மெல்ல மெல்ல, காலையில் எழும்போதுள்ள விறைப்புத் தளர்வதையும், குனிந்து நிமிர்வது எளிதாவதையும் நீங்கள் உணரக்கூடும். வெட்டப்பட்ட பட்டை மீண்டும் வளர்வதற்குச் சில ஆண்டுகள் பொறுத்திருக்க அறிந்தவர்கள் நாம். அந்தப் பொறுமையில் ஒரு சிறு பங்கை நம் உடலுக்கும் அளிப்போமாக.